காட்டோரத்தில் பூனைக்குட்டிகளை விடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் வரவில்லையென்று பைப்பைப் பார்க்க ஆற்றுப்பக்கம் ஏறினேன். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் வாய் அவிழ்ந்த உரச்சாக்கு ஒன்று. உள்ளே பழைய சீலைத்துண்டு, பூனை முடி. கொஞ்சம் தள்ளி, வடிகானுக்குள் மஞ்சளும் பச்சையுமாக இறகுகள். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியுடையது. இலங்கை மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது.

குட்டிகளைக் கொல்ல மனசு வராமல்தான் கொண்டுவந்து விடுகிறார்கள், தெரியும். ஆனால் பசித்த பூனைக்குத் தாழ்வான கூடுகள் சுலபமான இரை.

நியூசிலாந்தின் ஸ்டீவன்ஸ் தீவுக்கு 1894இல் கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனையும் வந்தது. பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி சில வருடங்களிலேயே பூண்டோடு போய்விட்டது. அதே நாட்டில் காகாப்போ கிளி 1995இல் 51தான் மிஞ்சியிருந்தது. பூனையும், கீரியைப் போன்ற ஸ்டோட் என்ற விலங்கும் இல்லாத தீவுகளில் வைத்துக் காத்தார்கள். இன்று 200ஐத் தாண்டிவிட்டது.

இவற்றை ஒழிக்க அங்கே விஷமும் வைக்கிறார்கள். அதற்காக நாமும் விஷம் வைக்கலாமா? கூடவே கூடாது. அங்கே வௌவாலைத் தவிர மண்ணுக்குச் சொந்தமான தரைப் பாலூட்டி எதுவுமில்லை. நம் காட்டில் கீரி, மரநாய், துரும்பன் பூனை என்கிற சின்னக் காட்டுப்பூனை எல்லாம் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். ஓஹியா என்ற மலையூரின் பேரையே தாங்கிய எலி இனம்கூட இருக்கிறது. விஷம் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் சாகலாம்.

நம்மால் முடிந்தது வேறு. பெட்டைப் பூனைகளுக்குக் கருத்தடை செய்யலாம். இருட்டுகிற நேரத்திலும் விடியற்காலையிலும் பூனையை வீட்டுக்குள் வைக்கலாம். இலங்கைச் சீகாரப் பூங்குருவி ஆற்றங்கற்களில் இரை தேடுவது அந்த மங்கல் வெளிச்சத்தில்தானே. தோட்டத்து லய வீடுகளில் பூனையே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எலித்தொல்லை என்னவென்று எனக்கும் தெரியும்.

அப்புறம் குப்பை. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்கள் வீசிவிட்டுப் போகும் சோற்றுப் பார்சலுக்குக் காகம் வரும். வந்த காகம் சோற்றோடு நிற்காது, முட்டைக்கும் குஞ்சுக்கும் போகும். லஞ்ச் ஷீட்டை மடித்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரமாகும்?

எங்கள் லயத்தில் ஏழு பெட்டைப் பூனைகள். டவுனில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாமென்று இருக்கிறேன். கொழுந்துக் கூடைக்கு மூடி கட்டித் தருவது என் பொறுப்பு. ஆட்டோக் கூலியில் பங்கு போட இரண்டு மூன்று பேர் வந்தால், இந்தச் சம்பளத்துக்கே முடித்துவிடலாம். வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.