தேதி எங்களுக்கு மட்டும்தானா?

முந்தாநாள் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா போன் செய்தாள். ஆனைமலைப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா. அந்த நேரத்துக்கு அவள் கூப்பிடவே மாட்டாள், பதறிப்போய் எடுத்தேன்.

"தம்பி, இனி எதைப் படிச்சாலும் வேலை கெடைக்காதாமா? எல்லாத்தையும் ஏஐ பாத்துக்குமாமா? ஏஐ கோர்ஸ் எடுத்தாத்தான் பொழைக்க முடியும்னு காலேஜ்காரங்க சொல்றாங்க. ரெண்டே சீட்டுதான் பாக்கியாம். எனக்கு ஒரே வெசனமா இருக்குடா."

அவள் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், நல்ல மார்க். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அக்ரி சேர வேண்டும் என்பது அவள் ஆசை. மூன்று வருடமாக அவர்கள் தோப்பில் தென்னைக்கு வேர் வாடல் நோய். வந்த மரத்துக்கு மருந்து கிடையாது, வெட்டிச் சாய்ப்பதுதான் வழி. அப்பா ஒவ்வொரு மரமாக வெட்டுவதைப் பார்த்த பிள்ளை, இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பியிருக்கிறாள். அந்தப் பிள்ளையைத்தான் ஏஐ கோர்ஸுக்குத் தள்ளப் பார்க்கிறார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவாம். ரசீதுக்கு ஒரு தொகை, ரசீது இல்லாமல் ஒரு தொகை. மரத்தை வெட்டி விற்ற காசு அதற்குப் போக வேண்டுமாம்.

யார் சொல்லி என் அக்காவுக்கு இந்தப் பயம் வந்தது? காலேஜ்காரன் சொன்னான். அவனுக்கு யார் சொன்னது? டிவியில், பேப்பரில், வாட்ஸப்பில் வந்தது. அங்கே யார் சொன்னது? அமெரிக்காவில் உட்கார்ந்து ஏஐ விற்கும் நாலைந்து முதலாளிகள். கடைசியில் நூல் பிடித்துப் போனால் அங்கேதான் போய் நிற்கிறது.

நான் திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் பவர் டேபிள், அதாவது தையல் பட்டறை, வைத்திருக்கிறேன். 22 மெஷின். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் கட்டிங், வெட்டிய துணி, அனுப்புவார்கள், தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடித்துக் கொடுப்போம். இந்தத் தொழிலுக்கு உயிரே தேதிதான். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு தேதி சொல்லிவிட்டால் அன்றைக்குச் சரக்கு கிளம்பியாக வேண்டும். கப்பலை விட்டுவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு எக்ஸ்போர்ட்டர் தலையில். இல்லாவிட்டால் பையர் விலையில் வெட்டுவான். எக்ஸ்போர்ட்டர் சும்மா இருப்பாரா, என் தையல் கூலியில் பிடிப்பார். மழை பெய்து டையிங் காயவில்லை, கரண்ட் இல்லை, டைலர் ஊருக்குப் போய்விட்டார் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். தேதியைச் சொன்னாய் அல்லவா, அவ்வளவுதான். நானும் ஆறேழு தடவை இப்படி நட்டப்பட்டிருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு டைலர்களுக்கு போனஸ் கொடுக்க வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்தேன். சொன்ன தேதியை நான் தவறவிட்டேன், அதற்கான விலையை நான் கொடுத்தேன். அதில் எனக்குப் புகார் இல்லை.

இப்போது அந்த முதலாளிகள் சொன்ன தேதிகளைப் பாருங்கள்.

சாட்ஜிபிடி செய்யும் ஓப்பன்ஏஐ கம்பெனியை நடத்தும் சாம் ஆல்ட்மன், மனிதனை மிஞ்சிய சூப்பர் இன்டெலிஜென்ஸ் "சில ஆயிரம் நாட்களில்" வரக்கூடும் என்று 2024 செப்டம்பரில் எழுதினார். கொஞ்சம் கூடவும் ஆகலாம், ஆனால் வந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். சில ஆயிரம் நாள் என்றால் எத்தனை? ஆயிரம் நாள் என்றால் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐயாயிரம் என்றால் பதின்மூன்று வருடத்துக்கு மேல். எந்தப் பையரிடமாவது நான் போய் "சில ஆயிரம் நாளில் சரக்கு ரெடி, கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்" என்று சொல்ல முடியுமா? வெளியே அனுப்பி கேட்டைச் சாத்திவிடுவார்கள். இவருக்கோ உலகமே பணத்தைக் கொட்டுகிறது.

எலான் மஸ்க் 2016-ல் சொன்னார், 2017 முடிவதற்குள் டெஸ்லா கார் யாரும் கை வைக்காமல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை போகும் என்று. போகவில்லை. 2019 ஏப்ரலில் சொன்னார், அடுத்த வருடம் பத்து லட்சம் ரோபோ டாக்ஸி ரோட்டில் ஓடும் என்று. 2020 வந்தது, போனது. 2025 ஜூனில் ஆஸ்டின் நகரத்தில் ஒருவழியாகத் தொடங்கினார்கள், விரல் விட்டு எண்ணக்கூடிய சில கார்களோடு, முன் சீட்டில் கண்காணிக்க ஓர் ஆளை உட்காரவைத்து. இடையில் 2024-ல், அடுத்த வருடம் அல்லது இரண்டு வருடத்துக்குள் எந்த மனிதனையும் விட புத்திசாலியான ஏஐ வந்துவிடும் என்று இன்னொரு தேதியும் சொல்லிவிட்டார். பழைய தேதிக்குப் பதில் கேட்காமல் புதுத் தேதியை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஃபேஸ்புக் முதலாளி மார்க் ஜக்கர்பெர்க் 2021-ல், மெட்டாவெர்ஸ் என்ற கம்ப்யூட்டர் கற்பனை உலகம்தான் எதிர்காலம் என்று கம்பெனியின் பெயரையே மாற்றினார். அந்தப் பிரிவில் இதுவரை போன நட்டம் 6,000 கோடி டாலருக்கும் மேல். 2025 ஜூலையில் அதே மனிதர், சூப்பர் இன்டெலிஜென்ஸ் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்று கடிதம் எழுதுகிறார். போன தடவை கண்ணுக்கு எட்டிய எதிர்காலம் எங்கே போயிற்று என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா?

இதையெல்லாம் விட எனக்கு வயிறு எரிவது வேறொரு விஷயத்தில். எங்கள் தொழிலில் ஆர்டர் எடுக்கும்போதே ஸ்பெக் ஷீட் வந்துவிடும். நெஞ்சு அளவு எத்தனை, கை நீளம் எத்தனை, தையல் எப்படி என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். சரக்கு கொடுக்கிற அன்றைக்கு ஸ்பெக்கை மாற்ற முடியாது. இவர்கள் மாற்றுகிறார்கள். மனிதனுக்கு நிகரான பொது அறிவுள்ள ஏஐ, அதாவது ஏஜிஐ, அதை எப்படிச் செய்வதென்று எங்களுக்கு இப்போது உறுதியாகத் தெரியும் என்று ஆல்ட்மன் 2025 ஜனவரியில் எழுதினார். அதே வருடம் ஆகஸ்டில், ஏஜிஐ என்பது அப்படியொன்றும் பயனுள்ள சொல் இல்லை என்று பேட்டி கொடுத்தார். ஏழே மாதம்! எதைத் தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கினாரோ, அந்தச் சொல்லே உதவாது என்றால் எதை வைத்து அளப்பது? வந்ததா வரவில்லையா என்று யார் சொல்வது?

வாக்குறுதிக்குக் காத்திருப்பது எங்கள் பக்கத்து மக்களுக்குப் புதிது கிடையாது. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்காக அறுபது வருடம் காத்திருந்தோம். எத்தனை தேர்தல், எத்தனை உண்ணாவிரதம். 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள், 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. குளத்தில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று கரையில் போய் நின்றால் குழந்தைக்கும் தெரியும். தண்ணீர் என்ற சொல்லே பயனற்றது என்று எந்த மந்திரியும் சொல்லித் தப்பித்திருக்க முடியாது.

சரி, ஏஐ சுத்தப் பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அநியாயம். என் இங்கிலீஷ் அரைகுறை. முன்பெல்லாம் ஒரு மெயில் எழுத எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கும் மெர்சண்டைசர் தம்பியைக் கெஞ்ச வேண்டும். இப்போது தமிழில் சொன்னால் அதுவே எழுதித் தருகிறது, நன்றாகவே எழுதுகிறது. ஆனால் அதே இயந்திரத்திடம் நாலு கலர், அஞ்சு சைஸ் பேக்கிங் லிஸ்டைக் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். 240 பீஸ் குறைத்துச் சொன்னது. தப்பு என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு தப்புக் கணக்கைக் கொடுத்தது, அதே உறுதியோடு. எங்கள் செக்கிங் அக்கா எட்டாவது வரைதான் படித்தவர், நோட்டில் எழுதி ரெண்டு நிமிஷத்தில் கூட்டிவிட்டார். கருவியைக் கருவியாக விற்றிருந்தால் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதற்குத் தெய்வ வேஷம் கட்டி விற்கிறார்கள்.

ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-5 வந்த நாள் ஞாபகம் இருக்கிறது, 2025 ஆகஸ்ட் 7. எந்தத் துறையிலும் பிஎச்.டி. படித்த நிபுணரிடம் பேசுவது போல இருக்கும் என்றார் ஆல்ட்மன். ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் ஒரு எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கேட்டால் தப்பாக எண்ணுகிறது என்று அந்த வாரமே மக்கள் படம் எடுத்துப் போட்டார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. என் பட்டறையில் 22 மெஷினில் 9 மட்டும் ஓடின. மனிதகுலத்துக்கே வளம் கொட்டப் போகிறது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்த மாதத்தில், டைலருக்கு உதவியாகக் கைமடி வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் "நாளைக்கு வர வேண்டாம் கண்ணு, போன் பண்றேன்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் அம்மா காங்கேயம் பக்கம் தனியாக இருக்கிறார். வயது 74. அவர் கணக்கு வைத்திருக்கும் பேங்கில் முன்பு போன் செய்தால் ஒரு பெண் எடுத்துப் பேசும். இப்போது ஏஐ உதவியாளராம். அம்மா, "ஏனுங்க சாமி, எம்பட புக்குல ரெண்டாயிரம் கொறையுதுங்க" என்றார். மன்னிக்கவும், புரியவில்லை என்றது. அம்மா மறுபடியும் சொன்னார். மன்னிக்கவும், புரியவில்லை. மூன்றாவது தடவை நன்றி சொல்லி வைத்துவிட்டது. அம்மா என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "நாம் பேசுன பேச்சுல என்னமோ தப்பிருக்கும்டா." எழுபத்து நாலு வருடம் பேசிய பேச்சு தப்பாம்! அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

பயத்தையும் இவர்களே விற்கிறார்கள். ஏஐயால் மனித இனமே அழியும் ஆபத்து இருக்கிறது, அதைத் தடுப்பது உலகத்தின் முதல் வேலைகளில் ஒன்றாக வேண்டும் என்று 2023 மே மாதம் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஆல்ட்மன் உண்டு, ஆந்த்ரோபிக் என்ற இன்னொரு ஏஐ கம்பெனியை நடத்தும் தாரியோ அமோடெய் உண்டு. போட்டுவிட்டு முன்னை விட வேகமாகச் செய்யப் போய்விட்டார்கள். ஒன்று முதல் ஐந்து வருடத்துக்குள் ஆபீஸ்களில் புதிதாகச் சேரும் நிலையிலுள்ள வேலைகளில் பாதி போய்விடக்கூடும் என்று அமோடெய் 2025-ல் சொன்னார். எச்சரிக்கிறேன் என்கிறார், எச்சரிக்கட்டும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் கடல் தாண்டி, டிவி தாண்டி, காலேஜ் புரோக்கர் வாய் வழியாக என் அக்காவிடம் வந்து சேரும்போது "ரெண்டு சீட்டுதான் பாக்கி" என்று ஆகிவிடுகிறது. அங்கே பேச்சு, இங்கே பணம்.

இந்த ஊரில் இதை நாங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டோம். பெருந்துறையில் ஈமு கோழி விற்றார்கள். பணம் கட்டினால் குஞ்சு தருவோம், கொட்டகை போட்டுத் தருவோம், மாதாமாதம் வளர்ப்புக் கூலி தருவோம் என்றார்கள். கறிக்கும் எண்ணெய்க்கும் உலகமே காத்திருப்பதாகச் சொன்னார்கள். என் சித்தப்பா பேராசைக்காரர் கிடையாது, தறி ஓட்டிச் சேர்த்த காசைத்தான் போட்டார். 2012-ல் எல்லாம் நின்றது. தீனி போட ஆளில்லாமல் பறவைகள் தவித்ததைக் கால்நடைத் துறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது மோசடி, இது அப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இப்போது சேராவிட்டால் போச்சு" என்று அவசரப்படுத்தும் அந்தக் குரல் எனக்குத் தெரியும். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பேசிய குரல் அது.

அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பிள்ளை ஆசைப்பட்டதைப் படிக்கட்டும், மரத்தோட நோவைப் பார்க்கிற ஆள் நம்ம ஊருக்கு வேணும், வெசனப்படாதே என்றேன். "நீ சொல்றது சரிதான் தம்பி, ஆனா நாளைக்கு அவ நம்மளக் கேட்டுட்டா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சில ஆயிரம் நாள் கழித்து என்ன நடக்கும் என்று சத்தியம் செய்ய நான் ஆல்ட்மன் இல்லை. பக்கத்திலிருந்த அக்கா வீட்டுக்காரர் போனை வாங்கி, "காலேஜ்ல வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கட்டச் சொல்லியிருக்காங்க மாப்ள, திங்கக்கெழம வரைக்கும் டைம் கேட்டேன், ஒரு மணி நேரம் கூடத் தள்ள முடியாதுன்னுட்டாங்க" என்றார்.