கேஜ் அப்படியே இருக்கு, கரண்ட்டைத்தான் எடுத்துட்டாங்க

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் தன்னிடம் இருக்கும் லெகோ ரயில்கள் மொத்தத்தையும் விற்கப்போவதாகப் போட்டிருந்தார். 9 வோல்ட் எஞ்சின்கள், இரண்டு அட்டைப்பெட்டி நிறையத் தண்டவாளம், ரயிலுக்குப் போகும் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், மேலட்டைகூடக் கசங்காத ஒரு மெட்ரோலைனர் பயணிகள் ரயில். கீழே ஒரு வரி: "எல்லாம் பழைய ஞாபகம்தான்டா, வேற ஒண்ணும் இல்ல. போதும்."

குழு என்றால் பெரிய கூட்டம் இல்லை. சேலத்தில் மூன்று பேர், நாமக்கல்லில் ஒருவர், ஏற்காட்டில் ஒருவர். விற்பது அவர் இஷ்டம். பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும், வீட்டில் வைக்க இடம் இல்லாமல் இருக்கும், அதைப் போய் நான் கேட்க முடியாது. ஆனால் அந்த ஒரு வரி மூன்று நாளாக உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழைய ஞாபகம் மட்டும் என்றால் நானும் எப்போதோ விட்டிருப்பேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரிலிருந்து வரும் பிளாஸ்டிக் கட்டைகள்தான் லெகோ. 1966-ல் கட்டை ரயிலைக் கொண்டுவந்தார்கள். நீலத் தண்டவாளம், 4.5 வோல்ட், பேட்டரியில் ஓடும். 1969-ல் 12 வோல்ட் வந்தது; இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் கரண்ட் போவதற்குத் தனியாகத் தகடு வைத்தார்கள். 1980-ல் தண்டவாளம் சாம்பல் நிறத்துக்கு மாறியது. உட்கார்ந்த இடத்தில் பட்டனைத் தட்டினால் பாயின்ட் (ரயிலை வேறு பாதைக்குத் திருப்பிவிடும் தண்டவாளத் துண்டு) மாறும், சிக்னல் மாறும், லெவல் கிராஸிங் கேட்கூட இறங்கும். 1991-ல் 9 வோல்ட். நடுவில் இருந்த தகடு போய், இரண்டு தண்டவாளத்தின் தலையிலேயே மெல்லிய உலோகத் தகடு வந்து உட்கார்ந்தது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் மோட்டாரின் சக்கரங்கள் அதிலிருந்து நேராகக் கரண்ட்டை எடுத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு நிஜத் தண்டவாளம் மாதிரியே இருக்கும். 2007-ல் அதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அழுவது அதற்காகத்தான்.

எங்கள் வீட்டுக்கு அது 1997-ல் வந்தது. சித்தப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலையாக இருந்தார். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது எல்லாருக்கும் தைலம், டார்ச்லைட், சேலை. எனக்கு ஒரு லெகோ சரக்கு ரயில் செட். எனக்குப் பதினோரு வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்கட்டு முழுக்க அப்பாவின் கொலுசுப் பட்டறை. பின்கட்டில் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் ரயிலுக்கு இடம் கிடைத்தது. வளைவுத் துண்டு 16 சேர்த்தால் முழு வட்டம், முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடும். நடுவில் நேர்த்துண்டு போட்டு நீட்டிக்கொள்ளலாம்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் பீரோ பக்கம் வரும்போதெல்லாம் திணற ஆரம்பித்தது. கையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் போகும். நான் தண்டவாளத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கப்போனேன். பட்டறையிலிருந்து எழுந்து வந்த அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "தேய்க்காத கண்ணு. தகடு காகிதம் கனம்கூட இல்ல, போயிடும்." தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரெகுலேட்டரை மிகக் குறைவாக வைத்துவிட்டு, ஒரு டார்ச் பல்பில் இரண்டு ஒயரைச் சுற்றி, துண்டு துண்டாகத் தண்டவாளத்தில் தொட்டுக்கொண்டே போனார். நான்கு துண்டு வரை பல்பு ஒரே மாதிரி எரிந்தது. ஐந்தாவதில் மங்கியது. அந்த இணைப்பைக் கழற்றி, நுனியில் இருக்கும் தகட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். சாமணத்தால் ஒரே ஒரு முறை, மயிரிழை அளவுக்கு நெம்பினார். பழைய வேட்டிக் கிழிசலில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு அத்தனை தண்டவாளத்தையும் துடைத்தார். துணி கறுப்பாகிவிட்டது. "வெள்ளியாட்டமே இதுவும் கறுக்குது பாரு" என்றார். பிறகு மோட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, சக்கரத்தைச் சுண்டுவிரலால் உருட்டிக்கொண்டே வெகுநேரம் பார்த்தார். "வேலை தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்."

அப்பா படித்தது ஐந்தாவது வரை. லெகோ என்ற பேரையே அதற்கு முன் கேட்டதில்லை. அரை மணி நேரத்தில் அது எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எல்லாமே அவருக்குப் புரிந்துவிட்டது. கரண்ட் எந்த வழியாகப் போகிறது, எங்கே தொடுகிறது என்பது கண்ணுக்கு முன்னால் கிடந்ததுதான் காரணம். நான் 9 வோல்ட்டைக் கொண்டாடுவது இதற்காக.

அடுத்த வருஷமே இன்னொரு பாடம். பாயின்ட் ஒன்று கைக்கு வந்தது. ரயில் போய் ஒரு வட்டம் அடித்து, வந்த பாதையிலேயே திரும்பிப் போகும்படி கண்ணி மாதிரி தண்டவாளம் போட்டேன். ரெகுலேட்டரைத் திருப்பினால் ரயில் அசையவே இல்லை. அப்பாதான் விரலால் ஒரு பக்கத் தண்டவாளத்தைத் தடவிக்கொண்டே போய்க் காட்டினார். "இந்தப் பக்கம் போன கம்பி சுத்திக்கிட்டு வந்து எதிர்க் கம்பியோடவே சேருது பாரு. ஷாட் அடிக்குது." ஒன்பதாம் வகுப்பில் மின்சுற்று பற்றிப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. விரல் போன வழியாகவே அத்தனையும் தெரிந்திருந்தது.

9 வோல்ட்டுக்குப் பதிலாக வந்ததைப் பார்ப்போம். 2006-ல் ரிமோட் ரயில். முழுப் பிளாஸ்டிக் தண்டவாளம், எஞ்சினின் அடித்தளத்துக்குள்ளேயே பேட்டரி, இன்ஃப்ராரெட் ரிமோட். அந்த அடித்தளம் ஒரே துண்டு. அதன் மேல் என்ன கட்டினாலும் அந்த அளவுக்குள்தான் கட்ட முடியும். நான்கு வருஷம்கூட அது முழுசாக நிற்கவில்லை. 2009-ல் எமரால்ட் நைட் நீராவி எஞ்சினோடு பவர் ஃபங்ஷன்ஸ் என்ற புது மோட்டார் முறை வந்தது. எஞ்சின் அழகென்றால் அப்படி ஒரு அழகு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மோட்டார், பேட்டரிப் பெட்டி, ரிசீவர் எல்லாமே தனித்தனியாக வாங்க வேண்டும். 2018-ல் பவர்டு அப், ப்ளூடூத். ஒவ்வொரு முறையும் முந்தைய பிளக் அடுத்ததற்குப் பொருந்தாது. 2023-ல் வந்த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் இதற்கெல்லாம் மேலே: மோட்டார் வைத்து ஓட்டுவதற்காக வடிவமைக்கப்படவே இல்லை. கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைக்கிற ரயில். ரயிலை நிற்கவைத்துப் பார்ப்பதற்காக வாங்கும் மனசு எனக்கு இன்னும் வரவில்லை.

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் உலோகம் பொருத்துவது செலவு பிடிக்கும் வேலை. 2003, 2004 வாக்கில் அந்த நிறுவனமே பெரிய நஷ்டத்தில் மூழ்கும் நிலையில் இருந்தது. கணக்குப் பார்த்துக் கைவிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அதோடு, 9 வோல்ட் வந்தபோது ஐரோப்பாவில் 12 வோல்ட்காரர்கள் இதே மாதிரி அழுதவர்கள்தான். அவர்கள் அழுததில் நியாயம் இருந்தது. பட்டனில் மாறிய பாயின்ட், சிக்னல், கேட் எதுவும் 9 வோல்ட்டில் இல்லை, பாயின்ட்டைக் கையால்தான் தள்ள வேண்டும். நான் கும்பிடும் சாமியே இன்னொருவரின் சாமியைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்ததுதான்.

ஒன்றை மட்டும் அவர்கள் மாற்றவே இல்லை, அதற்கு ஒரு பெரிய நன்றி. கேஜ். 1966-லிருந்து இன்று வரை தண்டவாளத்தின் அகலம் ஒன்றுதான். என் 1997 சரக்கு வண்டியை இன்று கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் வைத்துத் தள்ளினால் உருண்டு போகும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சேலத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டவுன் ஸ்டேஷனிலிருந்து விருத்தாசலம் போகும் லைன் மீட்டர்கேஜாக இருந்த காலத்தில் அம்மாவோடு ஆத்தூருக்குப் போயிருக்கிறேன். அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் வண்டி ஒரு மாதிரி ஆடும், அந்த ஆட்டத்திலேயே தூக்கம் வரும். பிறகு அது அகலப்பாதையானது. 1,000 மில்லிமீட்டர் 1,676 ஆனதும் பழைய பெட்டிகளுக்கு அந்தப் பாதையில் ஒரு அடிகூட வேலை இல்லை. அது தேவையான மாற்றம்தான், சென்னைக்கு நேராகப் போக முடிகிறது. ஆனால் நம்ம சேலம் கோட்டத்துக்குள்ளேயே மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜை இன்னும் வைத்துக் காப்பாற்றுகிறோம். 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவே அறிவித்தார்கள். எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது, ஒன்றை வைத்திருக்கலாம் என்று யாரோ முடிவெடுத்ததால்தான் அது இருக்கிறது.

நான் லெகோவிடம் கேட்பதும் அவ்வளவுதான். புதுசாக ரயில் போடுங்கள், ப்ளூடூத் வையுங்கள், குழந்தைகளுக்குப் பேட்டரி ரயில் சுலபம்தான். கூடவே அந்த உலோகத் தண்டவாளத்தையும் ஒரு மோட்டாரையும் மட்டும், விலை கூட இருந்தாலும் பரவாயில்லை, விற்றுக்கொண்டிருங்கள். ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. பழைய லெகோ சாமான்கள் கைமாறும் பிரிக்லிங்க் சந்தையை 2019-ல் அவர்களே வாங்கிவிட்டார்கள். 9 வோல்ட் மோட்டார் என்ன விலைக்குப் போகிறது என்பது அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. 1991 மெட்ரோலைனரை 2001-ல் திரும்பப் போட்டவர்களும் அவர்கள்தான், மனசு வைத்தால் முடியும். அவர்கள் விட்ட இடத்தில் கனடாவிலிருந்து எஃப்எக்ஸ் பிரிக்ஸ் என்ற சின்ன நிறுவனம் உலோகத் தண்டவாளம் செய்கிறது. அதுவும் லெகோ காலங்காலமாக விற்ற ஒரே இறுக்கமான வளைவு மட்டும் இல்லாமல், அகல வளைவுகளும் சேர்த்து. செய்ய முடியாத வேலை என்றால் இவர்களால் மட்டும் எப்படி முடிந்தது? நமக்குத்தான் தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து கைக்கு எட்டாமல் போகிறது. ஒருமுறை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் உலோகத் தண்டவாளம் என்று காசு கட்டி, நாற்பது நாள் காத்திருந்து பிரித்தால், உள்ளே அத்தனையும் பிளாஸ்டிக். படத்தில் சாம்பல் நிறம், நேரில் சாம்பல் நிறம், தலையில் தகடு மட்டும் இல்லை. அந்தப் பெட்டியை இன்றுவரை நான் மறுபடி திறக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, மே மாதம் மலர்க்கண்காட்சிக் கூட்டம் குறைந்த பிறகு, ஏற்காட்டு நண்பரின் வீட்டில் கூடுவோம். காபித் தோட்டத்துக்கு நடுவில் பழைய சிவப்புத் தரை வீடு. 20 கொண்டை ஊசி வளைவும் மடியில் ரயில் பெட்டியை வைத்துக்கொண்டு ஏறுவோம். ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது, அன்று ஒரு நாள் மட்டும் எங்கள் ரயில் இருக்கும். ஹாலில் ஆரம்பித்து, வாசப்படியை ஒட்டித் திரும்பி, சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைந்து வரும் பாதை. மலைப் பனியில் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். ஆளுக்கொரு துணியோடு முட்டி போட்டுத் துடைப்பதில்தான் காலை கழியும். பேச்சு முழுக்க அப்போதுதான்.

போன வருஷம் சாயங்காலம் மழை பிடித்துக் கரண்ட் போய்விட்டது. ரயில் மேசைக்கு அடியில் எங்கேயோ நின்றுவிட்டது. ரெகுலேட்டரை யாரும் அணைக்கவில்லை. இருட்டில் டீ குடித்துக்கொண்டு இருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. வீட்டு விளக்குகள் எரிந்த அதே நொடியில் மேசைக்கு அடியில் எஞ்சினின் முன்விளக்கும் எரிந்து, வண்டி தானாகக் கிளம்பி எங்களை நோக்கி வந்தது. ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அன்றைக்கு அந்த வீடும் ரயிலும் ஒரே ஒயரில் இருந்தன. பேட்டரி ரயில் இருட்டிலும் ஓடியிருக்கும், அது அதன் வசதி. ஆனால் இந்தக் காட்சி அதில் கிடைக்காது.

நண்பா, அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீதான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "அட" என்று சொன்னதும் நீதான். அது உன் சின்ன வயசு ஞாபகம் கிடையாது. உன் 43-வது வயதில், போன வருஷம் நடந்தது.

விற்க வேண்டுமென்றால் விற்றுவிடு. பிரித்து மட்டும் விற்காதே. தண்டவாளத்தை ஒருவருக்கும் ரெகுலேட்டரை இன்னொருவருக்கும் கொடுத்தால் இரண்டு பேருக்கும் உபயோகம் இல்லாமல் போய்விடும். தண்டவாளமும் ரெகுலேட்டரும் நான் எடுத்துக்கொள்கிறேன், நீ சொல்கிற விலைக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் செவ்வாய்ப்பேட்டைக்கு வா. ஓடவில்லை என்று ரெண்டு வருஷமாக டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாயே ஒரு மோட்டார், அதையும் எடுத்துக்கொண்டு வா. அப்பாவுக்கு இப்போது ஒரு கண்ணில் பார்வை குறைவு, பட்டறையையும் மூடிவிட்டோம். நேற்று விஷயத்தைச் சொன்னதும், பரண்மேல் இருந்த சாமணத்தை எடுத்துத் தரச் சொன்னார்.