சேம்பர் கச்சேரியில் ஒலிபெருக்கிக்கு என்ன வேலை?

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்டை சபாவில் நடந்ததைப் பற்றி எழுதுவதாகவே இல்லை. அந்த 38 வினாடிக் காணொளி மூன்று வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டு, "இவர் உங்கள் மாமனார்தானே?" என்ற கேள்வியோடு என் மருமகனின் அலுவலக நண்பர் வழியாக என்னிடமே வந்து சேர்ந்த பிறகு, பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. ஆம், வீணைக் கச்சேரியின் நடுவே மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று கைகூப்பியவன் நான்தான். காணொளியில் என் வாயசைவு மட்டுமே தெரிகிறது. நான் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்குக் காரணம், எனக்கு இடப்புறம் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்த ஒலிபெருக்கி. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள் என்பதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. சேம்பர் கச்சேரி, அதாவது சிறு கூடத்தில் சிலர் மட்டும் அருகில் அமர்ந்து கேட்கும் கச்சேரி, என்று அழைப்பிதழில் அச்சடித்தால் மைக் வைக்கக் கூடாது. மைக் வைப்பதானால் சேம்பர் கச்சேரி என்று அச்சடிக்கக் கூடாது. ஆறு ஞாயிறுகள், ஆறு கச்சேரிகள், மைக் கிடையாது, 70 நாற்காலிகள், ஆறுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் என்று ஜூலை மாதம் நம் எல்லோருக்கும் வந்த அழைப்பிதழை யாரும் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். "மைக் இல்லாத" என்ற சொல் அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது. முதல் நான்கு கச்சேரிகளும் அப்படித்தான் நடந்தன. முதல் கச்சேரியில் பத்து நிமிடம் பாட்டு தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. பிறகு காது தானாகவே இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டது. நான்காவது கச்சேரியில் புல்லாங்குழல் கலைஞர் மூச்சு எடுக்கும் சத்தம்கூட ராகத்தின் பகுதியாகக் கேட்டது. அதன் பிறகு, இருக்கிற வாத்தியங்களிலேயே மிகவும் மெல்லப் பேசுகிற வீணைக்கு வந்தபோதுதான், நம் நிர்வாகக் குழுவுக்கு இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளும், கலைஞர்களுக்குத் தங்கள் வாசிப்பு கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கிகள் நான்கும் தேவைப்பட்டிருக்கின்றன.

அன்றைக்கு நான் ஐந்தரை மணிக்கே போய்விட்டேன். கலைஞர் மேடையில் அமர்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஒலி அமைப்பாளரின் பெட்டி அப்போது திறக்கப்படவில்லை. தந்தியின் சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் லங்கரை ஒரு நெல்லளவு நகர்த்துவார், மீட்டுவார், காதைத் தண்டியின் பக்கம் சாய்ப்பார், மறுபடி நகர்த்துவார். பக்கத்தில் தாளத் தந்திகள் மூன்றும் சேர்ந்து ஒருமுறை அதிர்ந்து அடங்கியபோது, அடங்கிய பிறகும் ஏதோ ஒன்று அந்தக் கூடத்தின் சிவப்புத் தரைமீது தவழ்ந்துகொண்டிருந்தது. சகானா ராகத்தின் காந்தாரத்தை ஒரே ஒரு இழுப்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது யாருக்காகவும் வாசிக்கப்பட்டதல்ல. அந்தப் பத்து நிமிடம்தான் அன்றைய கச்சேரியிலேயே சிறந்த பகுதி என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

பிறகு நடந்ததை வந்திருந்த எல்லோரும் பார்த்தீர்கள். வீணையின்மேல் காண்டாக்ட் மைக்கை ஒட்டினார்கள். வீணை பெரிதானதும் மிருதங்கம் சிறிதாகிவிட்டது. மிருதங்கக் கலைஞர் தன் மைக்கைச் சுட்டி விரலை மேலே உயர்த்தினார். அதை ஏற்றியதும் கடம் காணாமல் போனது. கட வித்வான் கையைத் தூக்கினார். இப்போது வீணைக் கலைஞருக்குத் தன் வாத்தியமே கேட்கவில்லை. அவர் மானிட்டரைக் காட்டித் தலையசைத்தார். இரண்டாவது உருப்படி முடிவதற்குள் மூன்று பேரும் மாறி மாறி ஏற்றச் சொல்லி, ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிக் கூடத்துக்குள் அரசியல் பொதுக்கூட்டத்துக்குரிய சத்தம் வந்து சேர்ந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் அந்தக் கும்காரம் இடியாகிவிட்டது. தோடி ஆலாபனையில் ஒரு கீச்சொலி கிளம்பி, முன்வரிசைக் குழந்தை இரு காதையும் பொத்திக்கொண்டது. நான் எழுந்தது அப்போதுதான். அந்தக் குழந்தை செய்ததைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று செய்தால் அநாகரிகம் என்கிறீர்கள், சரி.

எனக்கு வீணை கேட்கக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியம்மா. கும்பகோணத்தில் அவர் வீட்டு ரேழியில், அடுக்களையைக் கழுவிவிட்ட பிறகு, பாயை விரித்து, பாட்டியிடமிருந்து வந்த பழைய தஞ்சாவூர் வீணையை எடுத்துவைத்துக்கொள்வார். மேடையேறியவர் அல்லர்; கேட்க நாங்கள் நான்கைந்து குழந்தைகள்தான், அதிலும் பாதிப் பேர் தூங்கிப்போயிருப்போம். ஒரு கோடை இரவில் மின்சாரம் போயிற்று. அதுவரை டக்டக்கென்று சுற்றிக்கொண்டிருந்த மேசை விசிறி நின்றது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. அப்போதுதான், பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே வாசிப்பில், நான் அதுவரை கேட்காத ஒன்று இருப்பது தெரிந்தது: ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் இடையில், விரல் மெட்டின்மேல் தந்தியை இழுத்துக்கொண்டே போகிற நேரத்தில், ஒலி தேய்ந்துகொண்டே ஸ்வரம் மட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வீணையின் பேச்சு அந்தத் தேய்வில்தான் இருக்கிறது. மைக் வைத்தால் மீட்டின் தலை பெரிதாகிறது. வாலையோ, சுற்றியிருக்கும் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. ஒலி அமைப்பாளர்கள் எவ்வளவு திறமையானவர்களாக இருந்தாலும், ஞாயிறு மாலை ஐந்தரைக்கு வந்து ஆறுக்குக் கச்சேரி தொடங்கும் ஏற்பாட்டில் அதைக் காப்பாற்ற முடியாது.

வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வாசித்ததைக் கேட்க அந்நாளின் பெரிய வித்வான்களெல்லாம் வந்து தரையில் உட்கார்ந்தார்கள் என்பது இங்கே பலருக்கும் தெரிந்த செய்தி. அவர்கள் ஒலியைத் தேடி வரவில்லை, அமைதியைத் தேடி வந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் வைத்த மேடைகளில் வாசிக்கவே மறுத்தார். அவர் இன்று இருந்து, நம் கூடத்தில் எழுந்து நின்றிருந்தால், அவரையும் 38 வினாடி படம் பிடித்து, சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பியிருப்பீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசைதான். அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வதாக யாரும் கிளம்ப வேண்டாம்.

இனி, என் ஆட்சேபத்துக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று புகார் வந்ததாகச் செயலாளர் எழுதியிருக்கிறார். கடைசி வரிசை என்பது ஏழாவது வரிசை. மேடையிலிருந்து நான் காலடியால் அளந்து பார்த்தேன், 32 அடி. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். நான்கு சுவர்களுக்குள் அவ்வளவுகூடக் குறையாது, சுவர்கள் திருப்பித் தரும். லண்டனில் விக்மோர் ஹால் என்று ஓர் அரங்கம் 1901 முதல் இருக்கிறது. சுமார் 550 இருக்கைகள். அங்கே நான்கு பேர் அமர்ந்து வயலினும் வியோலாவும் செல்லோவும் வாசிப்பதை அத்தனை பேரும் ஒலிபெருக்கி இல்லாமல்தான் கேட்கிறார்கள். அது அதற்கென்றே கட்டப்பட்டது, இது எட்டாம் வகுப்புக்குக் கட்டப்பட்டது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே 550, இங்கே 70. நம் தஞ்சாவூர் அரண்மனையிலும் சங்கீத மகால் இருக்கிறது. அதைக் கட்டியவர்களிடம் ஆம்ப்ளிஃபையர் இருக்கவில்லை. உண்மையான எதிரி நம் கூடத்தின் ஏழு மின்விசிறிகள். அவற்றை நிறுத்தினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். வியர்க்கும் என்றால் கைவிசிறி இருக்கிறது. எழுபது வயதுக்காரர்கள் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். எனக்கு 71 ஆகிறது, நான் விழவில்லை.

கலைஞரே மைக் கேட்டார் என்பது இரண்டாவது பதில். இதற்கு நான் சற்றுத் தயங்குகிறேன், ஏனென்றால் மேடையில் உட்காருபவரின் விருப்பமே கடைசி வார்த்தை என்று நானே பல முறை வாதாடியிருக்கிறேன். ஆனால், இருபத்தைந்து வயதில், அடுத்த ஆண்டும் கூப்பிடுவார்களா என்ற கவலையோடு வந்திருக்கும் ஒருவரிடம், ஒலிபெருக்கிகளை இறக்கிவைத்துவிட்டு, "வைக்கலாமா அம்மா?" என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? கேட்டவர்களுக்கும் இது தெரியும்.

மூன்றாவதுதான் என்னைத் தைத்தது. மைக் வந்த பிறகுதான் சங்கீதம் நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்தது, மைக் வேண்டாம் என்பது கூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட பெரிய மனிதர்களின் மனோபாவம் என்று ஓர் இளைஞர் நீளமாக எழுதியிருந்தார். அவர் சொல்வதில் பாதி சரி. 1930களில் மைக் மேடைக்கு வந்திராவிட்டால், நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உச்ச சுருதியில் பாட முடிந்தவர்களைத் தவிர வேறு யாரும் பெரிய கூட்டத்துக்கு முன் பாடியிருக்க முடியாது. பாடகர் எம்.டி. ராமநாதனின் அந்தக் கீழ்ச்சுருதி எத்தனை ஆயிரம் பேருக்கு எட்டியிருக்கும்? வாயில் வைத்து வாசிக்கும் முகர்சிங் என்ற வாத்தியத்துக்கு மைக் இல்லாமல் வாழ்வே இல்லை. இதையெல்லாம் மறுப்பவன் நான் இல்லை. தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒலியைப் பெருக்கி ஊர் விட்டு ஊர் அனுப்புவதில்தான் என் குடும்பம் சாப்பிட்டது. ஆனால் தம்பி, கேள்வி ஆயிரம் பேரைப் பற்றியதல்ல. 70 நாற்காலி போட்டு, மைக் இல்லை என்று சொல்லிப் பணம் வாங்கிய ஒரு கூடத்தைப் பற்றியது. நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை உண்மையானால், கதவில் நிற்பது மைக் அல்ல, 1,200 ரூபாய். கடைசி இரண்டு வரிசைகளைப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக விடலாம் என்று நான் 2019 பொதுக்குழுவில் எழுந்து சொன்னேன். கைதட்டினார்கள். கூட்டக் குறிப்பேட்டில் அது ஏறவேயில்லை. தெருவில் நின்று நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவனைப் பார்த்துப் பெரிய மனிதன் என்கிறார்கள். அந்த இரண்டு வாத்தியங்களும் எந்தக் காலத்தில் மைக் கேட்டன?

நேரலைக்காகத்தான் ஒலி அமைப்பு என்றும் ஒருவர் சொன்னார். பதிவுக்கு ஒரு மைக் வைத்துக்கொள்ளுங்கள், அதை ஒலிபெருக்கியில் விடாதீர்கள். இதைச் செய்ய மூன்றாம் வகுப்பு அறிவு போதும்.

ஆனால் அன்றைக்கு மைக் வந்தது வீணைக்காகவும் அல்ல, நேரலைக்காகவும் அல்ல என்பது என் சந்தேகம். மைக் இல்லாவிட்டால் நன்கொடையாளர் பேச முடியாது. மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து, அடுத்த உருப்படிக்குக் கலைஞர் தந்தியைத் தொட்ட நேரத்தில் மேடையேறி, 14 நிமிடம் பேசி, ஆறு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்களே, அதற்கு மைக் வேண்டும். அந்தப் பதினான்கு நிமிடத்தில் வீணையின் சுருதி இறங்கியது. மறுபடி சேர்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட அவருக்குத் தரவில்லை. எழுந்து நின்ற என்னைப் படம் பிடித்தவர், இதையும் ஒரு 38 வினாடி பிடித்திருக்கலாம்.

அந்தக் காணொளிக்குக் கீழே வந்த வாசகங்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துச் சொல்கிறேன். "மாமாவின் ஹியரிங் எய்டில் ஏதோ கோளாறு போல." எழுதியவர் என் வீட்டில் காபி குடித்திருக்கிறார். என் வலது காதில் இரண்டு ஆண்டுகளாகக் கருவி இருப்பது உண்மை. அதனால்தான் சொல்கிறேன்: ஒலியைப் பெருக்கினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது அந்த அறையில் இருந்தவர்களில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கருவியைப் போட்டால் தட்டு விழும் சத்தம் பெரிதாகக் கேட்கும், பேத்தி மெல்லச் சொல்லும் ரகசியம் கேட்காது. முதல் நான்கு கச்சேரிகளிலும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் கேட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு எல்லாம் கேட்டது என்று சொல்கிறேன்; இது உங்களுக்குச் சிறிய விஷயமாக இருக்கலாம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சபாவில் உறுப்பினன். ஜமக்காளம் விரித்திருக்கிறேன், தம்பூராவை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஜீவாளி நூல் அறுந்தபோது என் சட்டைத் தையலிலிருந்து நூல் உருவிக் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை சபாவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ஆறாவது கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் "மைக் இல்லாத" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதே மூன்றாவது வரிசையில்தான் உட்காருவேன்.

செயலாளர் இன்று காலை இரண்டு முறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார். நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று அவர் நினைக்க வேண்டாம். காதுக் கருவி மேசைமேல் இருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்தது கேட்கவில்லை.