மொரீஷியஸ் பிள்ளைக்கு முதல் மொழி கிரியோல்
முதல் மொழியில் ஊன்றிய பிள்ளைக்கு இரண்டாம் மொழி எளிதில் வரும் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் சொன்னதை வைத்து, மொரீஷியஸ் பள்ளிகளில் தமிழை வலுப்படுத்தினால் ஆங்கிலமும் பிரெஞ்சும் தானாகக் கைகூடும் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. கம்மின்ஸின் கருத்து மொரீஷியஸில் பொருந்துவது, பிரெஞ்சிலிருந்து பிறந்து பெரும்பாலோர் வீட்டில் பேசும் கிரியோலுக்கு, தமிழுக்கு அல்ல. ரோஸ் ஹில் பக்கம் கோயில் வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளில் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. பாட்டிமார்களே கிரியோலில்தான் கதை சொல்கிறார்கள். அப்படியிருக்க, ஏற்கெனவே பேசத் தெரிந்த பிள்ளைக்குப் போல எடுத்த எடுப்பிலேயே அ, ஆ எழுதவைத்தால் என்ன பயன்? திருக்குறளை அழகாக ஒப்பிக்கிற சிறுமி, "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் விழிக்கிறாள். புரிகிற அளவில் நிறையக் கேட்டால்தான் மொழி படியும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் சொன்னது நமக்கு இங்கேதான் வேண்டும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், 2012-இல் கிரியோல் விருப்பப்பாடமாக வந்ததே தமிழுக்கு ஆபத்து என்று எழுதியிருக்கிறார். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டின் மீது எனக்கும் கோபம் உண்டு. கிரியோல் மீது இல்லை. கிரியோலில் விளக்கி, தமிழில் பேசவிட்ட பிறகுதான் என் வகுப்புப் பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.