கிஹான்சி தேரை பிழைத்ததில் யாருக்குப் பெருமை?

கிஹான்சி தேரையின் கதை அவ்வப்போது முகநூலில் சுற்றி வருகிறது. அழிந்தே போன ஓர் உயிரை அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகள் வளர்த்துப் பெருக்கி, சொந்த மண்ணுக்கே திருப்பி அனுப்பின என்று இதயக்குறி போட்டுப் பகிர்கிறார்கள். பொய்யில்லை, நடந்ததுதான். ஆனாலும் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தான்சானியாவின் உட்சுங்வா மலையில் கிஹான்சி ஆறு அருவியாக விழும் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே சாரல் ஓயாமல் நனைத்த நிலம் சுமார் 2 ஹெக்டேர், நம் கணக்கில் 5 ஏக்கர். மொத்த உலகத்திலும் அந்தத் தேரை வாழ்ந்த இடம் அவ்வளவுதான். மஞ்சள் நிறம், 3 சென்டிமீட்டர்கூட வராது, முட்டையிடாமல் குட்டி போடும். ஆய்வாளர்கள் அதைக் கண்டது 1996-இல். அதற்குள் உலக வங்கிக் கடனில் அணை வேலை தொடங்கிவிட்டது. பள்ளத்தாக்கில் என்னென்ன வாழ்கிறது என்று சரியாகத் தேடியதே அதற்குப் பிறகுதான்.

180 மெகாவாட் மின்நிலையம் ஓட ஆரம்பித்ததும் ஆற்றுத் தண்ணீரில் பெரும்பகுதி மின்நிலையத்துக்குப் போகும் சுரங்கப் பாதைக்குள் போனது. சாரல் நின்றது. அவசர அவசரமாகக் குழாய் இழுத்துத் தெளிப்பான் வைத்தார்கள். 2000-இல் 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பாதிக்கு மேல் செத்துத்தான் மிச்சம் தேறியது. பள்ளத்தாக்கில் இருந்தவை 2003-இல் திடீரென்று சரிந்தன. பூஞ்சை நோயும் ஒரு காரணம் என்கிறார்கள். 2009-இல் 'இயற்கை வாழிடத்தில் அற்றுப்போனது' என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். அறிவித்தது. 2012-இல் திருப்பிக் கொண்டுவந்து விட்டதும் தெளிப்பான் போடும் சாரலில்தான்.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு தான்சானியாக்காரர்கள் இருட்டில் இருக்கட்டும் என்று சொல்ல நமக்கு அருகதையும் இல்லை. என் சண்டை வரிசையோடுதான். முதலில் ஒப்பந்தம், அப்புறம் கணக்கெடுப்பு என்பது எந்த ஊர் நியாயம்?

அதிலும் இந்த மலைகளில். கென்யாவின் டைடா குன்றுகளில் தொடங்கி உட்சுங்வா வரை தனித்தனியாக நிற்கும் இந்தத் தொடருக்குக் கிழக்கு வில் மலைகள் என்று பெயர். பனியுகங்களில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி வறண்டபோதும் இந்தியப் பெருங்கடல் காற்று இங்கே மழை கொடுத்துக்கொண்டே இருந்தது. காங்கோ பக்கத்துக் காட்டோடு தொடர்பு அறுந்து பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மலைக்கு மலை நடுவில் வறண்ட சமவெளி. அதனால் ஒரு மலையில் இருப்பது பக்கத்து மலையில் இருக்காது. வீட்டு ஜன்னலில் வளர்க்கும் ஆப்பிரிக்கன் வயலட்கூட இங்கே உசம்பரா மலையிலிருந்து 1890-களில் ஜெர்மனிக்குப் போனதுதான்.

1991-இல் உட்சுங்வாவில் முகாமிட்டிருந்த பறவை ஆய்வாளர்கள் சமையல் பாத்திரத்தில் கிடந்த விசித்திரமான கால்களைப் பார்த்துத்தான் ஒரு புது வகைக் கௌதாரியைக் கண்டுபிடித்தார்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் ஆசியக் காடுகளில் இருக்கின்றன! கிபுன்ஜி குரங்கு அறிவியல் ஏட்டில் ஏறியது 2005-இல். மறு ஆண்டே அதற்குத் தனிப் பேரினம் (இனத்துக்கு ஒரு படி மேலான பிரிவு) கொடுத்தார்கள். ஆப்பிரிக்கக் குரங்குகளில் 1923-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. எறும்போ பூஞ்சையோ இல்லை, மரத்தில் உட்கார்ந்து கத்தும் குரங்கு. ஆய்வாளர்களுக்கு முதலில் துப்புக் கொடுத்தவர்கள் உள்ளூர் வேட்டைக்காரர்கள். அவர்களுக்கு அது புதுசே இல்லை.

இதற்குப் பிறகும் 'அந்தக் காட்டில் முக்கியமாக ஒன்றும் இல்லை' என்று அறிக்கை எழுத யாருக்காவது கை வருமா? வருகிறது, எழுதுகிறார்கள். ஆலோசகர் வறண்ட மாதத்தில் வந்து சில நாள் சுற்றிவிட்டுப் போவார். தேரை கத்துவது மழையில்.

என்னைக் கேட்டால், கடன் கொடுக்கிற வங்கி முதல் தவணையைக் கணக்கெடுப்புக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். குறைந்தது இரண்டு மழைக்காலம், அந்த ஊர் வேட்டைக்காரர்களையும் மருந்துக்கு வேர் தோண்டுகிறவர்களையும் சம்பளத்துக்கு வைத்துத் தேட வேண்டும். வரைபடத்தில் அணைக்கு இடம் குறிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள், கிஹான்சியில் தெளிப்பானுக்கும் விமானத்துக்கும் கண்ணாடித் தொட்டிக்கும் இத்தனை வருடம் கொட்டியதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.