அந்த ஒன்பது இறக்கை விமானம்

இரண்டு மூன்று நாட்களாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. படகு வீட்டின் தலைக்கு மேல் மூன்றடுக்குப் பந்தல் போட்ட மாதிரி ஒரு விமானம். "குடிச்சிட்டு டிசைன் பண்ணியிருப்பானோ" என்று எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா கேட்டிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். முதலில் நானும்தான் சிரித்தேன்.

இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில், செஸ்தோ கலெந்தே என்ற ஊரில் கட்டிய விமானம் அது. பெயர் கப்ரோனி சிஏ 60. நூறு பேரை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும் என்பது அதை வடிவமைத்த ஜியான்னி கப்ரோனியின் திட்டம். ஆல்காக், பிரவுன் என்ற இரண்டே பேர் முதன்முதலாக அந்தக் கடலை நிற்காமல் தாண்டியது 1919-ல். அவர்களும் அயர்லாந்தில் ஒரு சதுப்பு நிலத்தில் மூக்குக் குத்தித்தான் இறங்கினார்கள். அதற்கு இரண்டே வருடத்தில் நூறு பேர் என்றால், ஆசை கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் அந்த இறக்கைகளைப் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு விமானம் என்றால் மரம், துணி, கம்பி. எஞ்சின் கனம் அதிகம், சக்தி குறைவு. நீளமாக ஒரே ஒரு இறக்கை வைத்தால் முறிந்துபோகும். அதனால் குட்டை இறக்கைகளை அடுக்கி, நடுவே கால் கொடுத்து, கம்பியால் இழுத்துக் கட்டினார்கள். ஊர் உலகமே அப்படித்தான் கட்டியது. கப்ரோனியின் மூன்றடுக்கு குண்டுவீச்சு விமானங்கள் முதல் உலகப் போரில் பறந்தவை. அந்த மூன்றடுக்கை முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒரே படகின் மேல் ஏற்றிவிட்டார். கூடவே 400 குதிரைசக்தி லிபர்ட்டி எஞ்சின்கள் எட்டு. ஒரு பானை பொங்கல் நன்றாக வந்ததே என்று அதே கைக்கணக்கில் ஊர்ப்பந்திக்கு அண்டா ஏற்றுகிறோமே, அந்தத் தப்பு இது. பைத்தியம் இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இரண்டு விஷயங்களில். ஒன்று, வால். மூக்கை ஏற்றி இறக்கப் பின்னால் கிடைமட்ட வால் கிடையாது. முன் இறக்கைகளையும் பின் இறக்கைகளையும் வைத்தே சமாளித்துவிடலாம் என்று நம்பினார்கள். இன்னொன்று, தூரம். ஒரே மூச்சில் சுமார் 660 கிலோமீட்டர் போகும் என்பது அவர்களே போட்ட கணக்கு. கனடா பக்கத்து நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து அயர்லாந்துக்கே 3,000 கிலோமீட்டர். நடுக்கடலில் எங்கே போய்ப் பெட்ரோல் போடுவது? இதைப் பார்த்துச் சிரித்தால் எனக்கும் சம்மதம்.

பிப்ரவரி 1921-ல் ஏரியை விட்டு ஒரு சின்ன எழும்பல். மார்ச்சில் மறுபடியும். ஓட்டியவர் ஃபெதரிகோ செம்ப்ரினி. கனத்த குண்டுவீச்சு விமானத்தையே ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடவைத்தவர் என்று பெயர் வாங்கிய ஆள். பயணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டை. தண்ணீரை விட்டுக் கிளம்பியதும் மூக்கு சட்டென்று நிமிர்ந்தது, அப்புறம் ஏரியில் விழுந்து உடைந்தது. மூட்டைகள் பின்னால் சரிந்துவிட்டன என்கிறார்கள் சிலர். செம்ப்ரினிக்கு ஒன்றும் ஆகவில்லை. உயிர்ச்சேதமே இல்லை. இவ்வளவு பெரிய கனவு கண்டவருக்கு முதலில் மணலை ஏற்றிப் பார்க்கும் நிதானமும் இருந்தது. அதை அந்தப் படத்தோடு யாரும் அனுப்புவதில்லை.

மீண்டும் கட்டப் பணம் இல்லாமல் கைவிட்டார்கள். மிச்சம் மீதி உடைசல்கள் பிறகு திரெந்தோ நகரில், கப்ரோனி பெயரிலேயே அமைந்த அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் கப்ரோனி கடையை மூடவில்லை. 1938-ல் அவருடைய நிறுவனத்தின் இன்னொரு விமானம் 17,083 மீட்டர் உயரம் போய் உலக சாதனை செய்தது. ஒற்றை இறக்கை விமானங்கள் பெருகிவிட்ட அந்தக் காலத்தில் அதற்கு இரண்டடுக்கு இறக்கை!

சித்தப்பாவுக்கு அந்தச் சாதனை விமானத்தின் படத்தையும் அனுப்பிவைத்தேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில்தான் இன்னும் வரவில்லை.