நெருக்கடிக்குப் பின்னால் ஓடும் ஆய்வு

நிதி நெருக்கடிகளைப் பற்றிய ஆய்வு செங்கல் மேல் செங்கலாக வளர்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்டறிந்ததை மறப்பதும், அடுத்த அடி விழுந்ததும் பழைய கட்டுரைகளைத் தேடி எடுப்பதுமே அத்துறையின் வழக்கம்.

விலை சரியச் சரியக் கடனின் உண்மையான சுமை ஏறுகிறது, அதை அடைக்க எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க முனைவதால் விலை மேலும் சரிகிறது என்று 1933இல் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் எழுதினார். நெல் விலை வீழ்ந்த அந்த ஆண்டுகளில் தஞ்சை மிராசுதாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே வட்டியைக் கட்ட முன்னைவிட அதிக மூட்டைகளை அவர் விற்க வேண்டியிருந்தது. ஆனால் 1963இல் பொருளியலாளர்கள் மில்டன் ஃப்ரீட்மனும் ஆன்னா ஷ்வார்ட்ஸும் 1930களின் பெருமந்தத்திற்குப் பணப்புழக்கச் சுருக்கத்தை முதன்மைக் காரணமாக முன்வைத்த பின், கடனைப் பற்றிய பேச்சு ஓரங்கட்டப்பட்டது. கடன் பெருக்கமே நிலையின்மையை விதைக்கிறது என்று விடாமல் சொல்லிவந்த பொருளியலாளர் ஹைமன் மின்ஸ்கி 1996இல் மறைந்தார். பெரும்பாலோர் அவரைப் படித்தது 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகுதான். வங்கிகளின் வீழ்ச்சியைப் பற்றிப் பொருளியலாளர்கள் பெர்னான்கியும், டயமண்டும் டிப்விக்கும் எழுதியது 1983இல்; நோபல் கிடைத்தது 2022இல்!

2012இல் பொருளியல் ஆய்வாளர்கள் ஷூலரிக்கும் டெய்லரும் 14 நாடுகளின் 1870 முதல் 2008 வரையிலான கணக்குகளைத் திரட்டி, கடன் மிதமிஞ்சி வளர்வதே நெருக்கடிக்கு முன்னறிகுறி என்று காட்டினார்கள். மதிக்கத்தக்க உழைப்பு. இருந்தாலும் அது வங்கிப் பேரேட்டில் ஏறிய கடன் மட்டுமே. குறுவைச் செலவுக்கு அடகுக்கடைக்குப் போகும் சங்கிலி, கைமாற்று, ஒரு குழுவின் வாரத் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்கும் கடன் ஆகியவை அதில் எங்கே வரும்?

சென்னையில் 1906இல் ஆர்பத்னாட் என்ற ஆங்கிலேய வங்கி நிறுவனம் கவிழ்ந்ததையும், அதன் விளைவாக வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்ததையும் ஓரளவு எழுதிவைத்திருக்கிறோம். 1990களில் பைனான்ஸ் கம்பெனிகள் மூடியபோது, கூடுதல் வட்டியை நம்பி ஓய்வூதியப் பணத்தைப் போட்ட டெல்டாக் குடும்பங்களின் கதையோ, 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தோடு கோப்புக்குள் போய்விட்டது. ரசீதுகள் இன்னும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடிக் கல்லூரிகளின் பொருளியல் துறைகள் முதுகலை மாணவர்களைக் கொண்டே அவற்றைப் படியெடுத்து, பணம் போட்டவர்களின் வாக்குமூலங்களையும் பதிவு செய்யலாம். இதற்கு அடுத்த நெருக்கடிவரை காத்திருக்கத் தேவையில்லை.